ஓர் அறை வீடு: நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குப் போகிறவர்களுக்கு

நாகர்கோவிலில் வாடகைக்கு வீடு வேண்டுமென்றால் நாலு பேரிடம் சொல்லிவைத்தால் போதும். கோட்டாறில் கடை வைத்திருக்கும் மாமாவுக்கு ஒரு வீடு தெரிந்திருக்கும். வீட்டுக்காரர் "நீ இன்னாருக்க மகன்லா?" என்று ஒரு கேள்வி கேட்பார். அதற்குச் சரியான பதில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒற்றிக்கு எடுத்தால் மட்டும் பத்திரம் எழுதுவோம். மாத வாடகைக்குப் பெரும்பாலும் வாய்ச்சொல்தான், ஒன்றாம் தேதி கையில் பணம்தான்.

சென்னையில் அந்தக் கேள்வியே எழாது. உங்கள் அப்பாவை அங்கே யாருக்கும் தெரியாது. ஊரில் ஒரு பெயர் செய்துகொடுத்த வேலையை அங்கே ஒரு தாள் செய்துகொடுக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் எழுநூறு கிலோமீட்டர் தாண்டிப் போய், ஊர்ப் பழக்கத்திலேயே வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கொடுத்து ஏமாந்த பிள்ளைகள் நிறைய. நானும் அதில் ஒருவன். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அறையைப் பார்ப்போம்.

எதைத் தேடுகிறோம்

படுக்க, சமைக்க, குளிக்க எல்லாம் ஒரே கதவுக்குள் இருக்கும் வீட்டுக்குச் சென்னையில் பல பெயர்கள். விளம்பரத்தில் '1ஆர்கே' என்று இருந்தால் ஓர் அறையும் ஒரு சமையலறையும். 'சிங்கிள் ரூம் வித் அட்டாச்டு பாத்ரூம்' என்றால் சமையல் மேடை அறைக்குள்ளேயே ஒரு மூலையில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 'ஸ்டூடியோ' என்று போட்டிருந்தால் அதே அறையில் கட்டிலும் ஏசியும் குட்டி ஃப்ரிட்ஜும் சேர்ந்திருக்கும், வாடகையும் அதற்கேற்ப ஏறியிருக்கும். பெயருக்குப் பணம் கொடுக்காதீர்கள். கட்டிலையும் ஃப்ரிட்ஜையும் பழையதாகச் சொந்தமாக வாங்கினால் சில மாத வாடகை வித்தியாசத்திலேயே அந்தக் காசு திரும்பிவிடும்.

தனி அறை எல்லோருக்கும் முதல் நாளிலிருந்தே தேவையில்லை என்பது என் கருத்து. வேலை நிரந்தரமாகும்வரை ஆண்பிள்ளைகள் திருவல்லிக்கேணி மேன்ஷன்களிலோ, ஊர் நண்பர்களோடு பங்கு போட்டோ இரண்டு மாதம் இருந்து ஊரைப் பழகிக்கொள்ளலாம். பெண்பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசின் 'தோழி' விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் இருக்கின்றன. தனியார் மகளிர் விடுதி என்றால், 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். கைபேசியில் படத்தைப் பார்த்து ஊரிலிருந்தே அறை பிடிப்பதைவிட, இப்படி இரண்டு மாதம் தங்கி, கால்நடையாக அலைந்து பிடிக்கும் அறை நூறு மடங்கு மேல்.

படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்புவதைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. "நான் ராணுவத்தில் இருக்கிறேன், வெளியூரில் பணி, டோக்கன் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று யாராவது பேசினால் அது மோசடி. சீருடைப் படமும் அடையாள அட்டையும் சேர்த்தே அனுப்புவார்கள். வீட்டுக்குள் கால் வைக்கும் முன் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

எந்தப் பக்கம்

வேலை எங்கேயோ அங்கேதான் அறை என்று எல்லோரும் சொல்வார்கள். ரயில் பாதை எங்கேயோ அங்கே அறை என்று நான் சொல்வேன். கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு வரை போகும் மின்சார ரயில் பாதையில் சைதாப்பேட்டை, கிண்டி, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாம் இருக்கின்றன. கிண்டியிலும் பரங்கிமலையிலும் இறங்கி மெட்ரோவுக்கு மாறிக்கொள்ளலாம். நம்மூர்க்காரர்களுக்கு இந்தப் பாதையில் இன்னொரு லாபம் உண்டு. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸும் அனந்தபுரியும் தாம்பரத்தில் நின்றுதான் போகின்றன. 2023 டிசம்பர் 30 அன்று திறந்த கிளாம்பாக்கம் பேருந்து நிலையமும் தாம்பரத்துக்குத் தெற்கேதான். வடசேரியில் சாயங்காலம் பேருந்து ஏறினால் விடியும்போது வீட்டு வாசலில் இறங்குகிற தூரம்.

பழைய மாமல்லபுரம் சாலையில், அதாவது ஓஎம்ஆரில், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை கிடைத்தவர்களுக்குப் பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று வரிசையாக அறைகள் உண்டு. அலுவலகத்துக்கு நடந்தே போகலாம் என்பது பெரிய வசதிதான். ஆனால் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகத் தோண்டிய சாலை, லாரித் தண்ணீர், ஞாயிற்றுக்கிழமை எழும்பூருக்கோ சென்ட்ரலுக்கோ போக ஆகும் நேரம், மூன்றையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். வேலை மாறினால் அறையும் மாற வேண்டிவரும். வேளச்சேரி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, பறக்கும் ரயிலும் உண்டு. ஆனால் வேளச்சேரியைப் பற்றி மழைக் காலத்தை வைத்துப் பேச வேண்டும்.

அறைக்குள் நின்று பார்ப்பது

புரோக்கர் பூட்டைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, "சூப்பர் ரூம் சார், நல்ல காத்தோட்டம்" என்பார். மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள். ஜன்னல் எத்தனை, அவை எதிரெதிராக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் வளர்ந்த நமக்குக் காற்று என்பது தேடிப் பார்க்க வேண்டிய பொருளாகத் தோன்றாது. சென்னையில் ஒரே ஜன்னல் உள்ள அறையில் மே மாதம் படுத்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

மொட்டை மாடி அறை என்றால் இன்னும் கவனம் வேண்டும். காலையில் போய்ப் பார்க்காதீர்கள். பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள். மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். முடிந்தால் இரவு எட்டு மணிக்கு மறுபடி ஒருமுறை போய் அதே இடத்தில் கை வையுங்கள். அப்போதும் சூடு குறையாமல் இருந்தால் விடியும்வரை அந்தச் சுவர் உங்கள் பக்கம் அனலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால், வாடகை பாதிதான் என்றாலும் எடுக்காதீர்கள். தூக்கம் கெட்டு மூன்று மாதத்தில் வேறு அறை தேடுவீர்கள், அட்வான்ஸில் கையிழப்பும் வரும்.

கையில் ஒரு டேப் கொண்டுபோங்கள். முந்நூறு சதுர அடி என்று சொன்னதில் படிக்கட்டும் நடைபாதையும் சேர்ந்திருக்கலாம். கட்டில் ஆறரை அடி, பீரோ ஒன்றரை அடி, கதவு திறக்க மூன்றடி. தரையிலேயே அளந்து பாருங்கள். கழிவறைக் கதவு சமையல் மேடையைப் பார்த்துத் திறக்கிறதா? சமையல் மேடைக்கு மேலே புகை போக வழி இருக்கிறதா? தேங்காய் எண்ணெயில் கடுகு தாளிக்கும் வீட்டுக்கு அந்த ஒரு அடி ஓட்டை மிக முக்கியம். கைபேசி சிக்னல் அறையின் நடுவில் நின்றால் வருகிறதா என்றும் பாருங்கள்.

பிறகு குழாய். முக்கடல் அணைத் தண்ணீர் குடித்தும் கிணற்று நீரில் குளித்தும் வளர்ந்தவர்களுக்குச் சென்னையின் போர் தண்ணீர் முதல் வாரத்திலேயே தலைமுடியில் தன்னைக் காட்டிவிடும். குழாயின் மூக்கையும் வாளியின் விளிம்பையும் உற்றுப் பாருங்கள். வெள்ளையாகப் படிவு கட்டியிருந்தால் உப்புத் தண்ணீர். ஒரு சொட்டு நாக்கில் வைத்தாலே தெரியும். மூன்று கேள்விகள் கேளுங்கள்: மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறதா, மோட்டார் ஒரு நாளைக்கு எத்தனை முறை போடுவார்கள், கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் அந்தக் காசு யார் தலையில்? 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்த வருஷம் இந்தக் கட்டிடத்தில் என்ன செய்தார்கள் என்று வீட்டு ஓனரிடம் கேட்காதீர்கள். பக்கத்து அறையில் குடியிருப்பவரிடமோ, எதிர்த்த மளிகைக் கடைக்காரரிடமோ கேளுங்கள்.

அதே ஆளிடம் மழையையும் கேட்டுவிடுங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் நம் மாவட்டத்தில் ரப்பரையும் வாழையையும் சாய்த்ததைப் பார்த்தவர்கள் நாம். காற்றின் அழிவு நமக்குத் தெரியும். சென்னையின் அழிவு வேறு மாதிரி. அங்கே தண்ணீர் சத்தமில்லாமல் ஏறும், நாள்கணக்கில் வடியாமல் நிற்கும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாற்றை ஒட்டிய பகுதிகளும் முடிச்சூரும் வேளச்சேரியும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் மறுபடி மூழ்கின. இவை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றியுள்ள இடங்கள். தண்ணீருக்கு அது பழைய வீடு. "2015-ல எவ்வளவு தண்ணி வந்துச்சு, 2023-ல எவ்வளவு வந்துச்சு?" என்று ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக "இங்க தண்ணி நிக்குமா?" என்று கேட்டால் "அதெல்லாம் இல்ல" என்ற பதில்தான் வரும். ஆண்டைச் சொன்னால் முழங்காலையோ இடுப்பையோ தொட்டுக் காட்டுவார்கள். சுவரின் அடியில் புதிதாக அடித்த பெயின்ட் ஒரு மட்டத்தில் நேர்கோடாக முடிந்தால் அதுவும் ஒரு பதில்தான். இந்தப் பகுதிகளில் தரைத்தளத்தில் அறை எடுக்கவே வேண்டாம்.

கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பதைப் பலர் கேட்க மறந்துவிடுவார்கள். ஊர்ப் பேருந்தும் ரயிலும் விடியற்காலையில் வந்து சேரும். ஆறு மணிக்குத்தான் கேட் திறப்போம் என்பவர் வீட்டில் இருந்தால், ஒவ்வொரு முறை ஊரிலிருந்து வரும்போதும் பையோடு தெருவில் நிற்க வேண்டும். கேட் சாவி ஒன்று உங்களுக்கு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மீனும் பெயரும்

"என்ன சாப்பிடுவீங்க?" என்ற கேள்வி கட்டாயம் வரும். சில வீடுகளில் போர்டிலேயே 'சைவம் மட்டும்' என்று எழுதியிருக்கும். அறை நன்றாக இருக்கிறது, வாடகையும் தோதாக இருக்கிறது என்று "முட்டை மட்டும்தான் சார்" என்று சொல்லி உள்ளே போய்விடாதீர்கள். நாம் சாளையும் நெத்திலியும் இல்லாமல் வாரத்தைக் கடத்தாத ஆட்கள். அம்மா கொடுத்துவிடும் கருவாட்டுப் பொதியைப் பிரித்த அன்றே மாடியிலிருந்து கீழ்வரை வாசம் போய்விடும். தேங்காய் அரைத்த மீன் கறியைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலை அடைத்துக்கொண்டு, திருடியதைப் போலச் சமைத்துச் சாப்பிட்ட நண்பன் ஒருவன் எனக்கு உண்டு. ஒரு வருஷத்தில் அவன் சமைப்பதையே விட்டுவிட்டான். வாடகையில் இரண்டாயிரம் கூடினாலும் பரவாயில்லை, "வாரத்துக்கு மூணு நாள் மீன் வைப்பேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டு எடுக்கும் வீடுதான் வீடு.

இன்னொரு கேள்வி நேராக வராது. பெயரைக் கேட்பார்கள், அப்பா பெயரைக் கேட்பார்கள், "நீங்க என்ன ஆளுங்க?" என்று சுற்றி வளைப்பார்கள். தேவாலயமும் பள்ளிவாசலும் கோயிலும் ஒரே பேருந்து வழியில் இருக்கும் மாவட்டத்திலிருந்து போகும் பிள்ளைக்கு, தன் பெயரைச் சொன்னதுமே "வீடு நேத்தே போயிடுச்சு" என்ற பதில் வரும்போது மனசு உடையும். இது அநியாயம், அதில் சந்தேகமே இல்லை. அதற்காகப் பெயரை மாற்றிச் சொல்லவோ, ஊரை மறைக்கவோ வேண்டாம். மறைத்து எடுத்த அறையில் ஒவ்வொரு நாளும் மறைந்தே வாழ வேண்டும். அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களிடம், ஊர்ச் சங்கங்களில், நீங்கள் போகும் வழிபாட்டு இடத்தில் சொல்லிவையுங்கள். நல்ல ஓனர்களும் அதே சென்னையில்தான் இருக்கிறார்கள். அவர்களை அடைய வழக்கமாக ஒரு தெரிந்த ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பணம்

வாடகை 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மாத அட்வான்ஸ் கேட்டால் 60,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 12,000. முதல் மாத வாடகை 12,000. பாய், வாளி, அடுப்பு, சிலிண்டர், சாமான் ஏற்றும் கூலி என்று ஒரு 15,000. ஆகமொத்தம் 99,000 ரூபாய் கையில் இல்லாமல் அந்த அறைக்குள் நுழைய முடியாது. முதல் சம்பளம் வருவதற்கு முன்பே இந்தப் பணம் வேண்டும். வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சாவி வாங்கும் நாளில் போனில் "அம்மா, இன்னும் முப்பதாயிரம் வேணும்" என்று சொன்னால், "என்ன மக்களே, முன்னாலயே சொல்லக் கூடாதா?" என்று கேட்டபடியே அவள் கைவளையலைத்தான் பார்ப்பாள்.

அட்வான்ஸைக் குறைக்கப் பேசுங்கள். பேசுவதற்கு உங்கள் கையில் ஒரு சட்டம் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இருவரும் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது அது. எழுதிக்கொண்டால் கூடுதலாகவும் வாங்கலாம் என்பதால்தான் நகரத்தில் ஐந்து மாதமும் ஆறு மாதமும் கேட்கிறார்கள். சென்னையில் பத்து மாதம் கேட்டதும் வழக்கமாகவே இருந்தது. பெங்களூருக்குப் போகிறவர்களிடம் இன்றும் சிலர் அதைக் கேட்பார்கள். ஜெர்மனியில் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்க முடியாது. நியூயார்க்கில் 2019-இலிருந்து ஒரு மாதம்தான். மூன்று மாதம் என்று நீங்கள் கேட்பது பேராசை இல்லை. 60,000 ரூபாயை 36,000 ஆக்கினால் மிச்சம் 24,000. புது வேலைக்குப் போகும் பிள்ளைக்கு அது இரண்டு மாத வாடகை.

மாதாமாதம் போகும் காசில் கவனிக்க வேண்டியது கரண்ட். தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். உங்கள் அறைக்குத் தனி ஈபி மீட்டர் இருந்தால் அது உங்களுக்குக் கிடைக்கும். ஓனர் தன் இணைப்பிலிருந்து சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வாங்கினால் கிடைக்காது. இரண்டு மாதத்தில் 150 யூனிட் ஓடினால் அப்படி 1,500 ரூபாய் போகும். ஒரு வருஷத்துக்கு ஆறு பில். வாடகை ஐநூறு ரூபாய் கூடினாலும் தனி மீட்டர் உள்ள அறை சில சமயம் மலிவு. மெயின்டனன்ஸ் எவ்வளவு, அதில் தண்ணீர்க் காசு சேருமா என்பதையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

பழைய வரித் திட்டத்தில் இருப்பவர்கள் வாடகைப்படிக்குக் கழிவு கேட்கலாம். வருஷ வாடகை ஒரு லட்சத்துக்கு மேல் போனால் ஓனரின் பான் எண் வேண்டும். அதைக் கொடுக்க மாட்டேன் என்பவர் உண்டு. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள். பின்னால் கேட்டால் கிடைக்காது.

ஊரில் ஒற்றி எடுத்துப் பழகியவர்கள், "மாச வாடகையே வேண்டாம், மொத்தமா நாலு லட்சம் லீசுக்குக் கொடுங்க" என்று சென்னையில் யாராவது சொன்னால் சந்தோஷப்பட்டுவிடுவார்கள். நிதானமாக இருங்கள். பணம் வாங்குபவர் உண்மையிலேயே ஓனரா, நடுவில் நிற்பவரா? நடுவில் நிற்பவர் உங்களிடம் லீசுப் பணம் வாங்கிக்கொண்டு ஓனருக்கு மாத வாடகை கட்டிவந்து, ஒருநாள் காணாமல் போனால், தெருவில் நிற்பது நீங்கள். வீடு வங்கியில் அடமானத்தில் இருந்தாலும் ஆபத்துதான். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் காசில்லாமல் பார்க்கலாம். சொத்து வரி ரசீதில் இருக்கும் பெயரும் அதில் இருக்கும் பெயரும் எதிரே உட்கார்ந்திருப்பவரின் ஆதாரில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தத் தாள்

இப்போது என் கதை. புதிய சட்டம் வருவதற்குச் சில வருஷம் முன்பு, மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடி அறையை நாற்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்து எடுத்தேன். ஓனர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். "தம்பி, நமக்குள்ள என்ன அக்ரிமென்ட்டு?" என்றார். நம்மூர்ப் பேச்சு மாதிரி இருந்தது, சந்தோஷமாகப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். இரண்டரை வருஷம் ஒரு மாதம்கூட வாடகை தவறவில்லை. காலி செய்யும் நாளில் சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை, ஜன்னல் கண்ணாடிக்கு, கிளீனிங்குக்கு" என்று கணக்குச் சொன்னார். அந்தக் கண்ணாடி நான் வந்தபோதே விரிசல் விட்டிருந்தது. எதை வைத்து நிரூபிப்பது? இரண்டு மாதம் நடந்து, கடைசியில் 27,000 ரூபாய் கையில் வந்தது. போன 13,000 ரூபாயைவிட, பொய் சொல்கிறவனைப் போல அந்த வாசலில் நின்றதுதான் இன்னும் வலிக்கிறது.

இன்று ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். இதற்கென்று அரசின் இணையதளம் இருக்கிறது. "பதினொரு மாச அக்ரிமென்ட் போட்டுட்டோம், பதிவு எதுக்கு?" என்று ஓனரும் புரோக்கரும் சேர்ந்தே சொல்வார்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற பழைய விதிக்காக வந்த வழக்கம் அந்தப் பதினொரு மாதம். வாடகை அதிகாரியிடம் பதிவது வேறு. பதினொரு மாதம் என்றாலும் அது வேண்டும். பின்னால் வரும் பல தகராறுகளுக்கு நீங்கள் போய் நிற்க வேண்டியதும் அதே அதிகாரியிடம்தான்.

ஒப்பந்தத்தை முழுக்கப் படியுங்கள். நான்கைந்து இடங்களில் விரலை வைத்துப் படிக்க வேண்டும். அட்வான்ஸ் தொகை எண்ணிலும் எழுத்திலும் இருக்கிறதா, எத்தனை நாளில் திரும்ப வரும் என்று இருக்கிறதா? காலி செய்த ஒரு மாதத்துக்குள், நீங்கள் தர வேண்டிய பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். வருஷத்துக்கு எத்தனை சதவீதம் வாடகை ஏறும்? காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, அது இரண்டு பேருக்கும் ஒன்றா? சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் ஓனர் பொறுப்பு, குழாய் வாஷரும் சுவிட்சும் குடியிருப்பவர் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணையே பிரித்து வைத்திருக்கிறது. வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுதான் செல்லும். அதனால் 'காலி செய்யும்போது பெயின்டிங் செலவு வாடகைதாரருடையது' என்ற வரி எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். எனக்கு அன்று இது தெரியாது. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இந்த அத்தியாயத்தை எழுதினேன்.

குடிபோன பிறகு சாவி உங்களிடம் இருக்கும்வரை அது உங்கள் வீடு. ஓனர் உள்ளே வர வேண்டுமென்றால் 24 மணி நேரம் முன்பு எழுத்தில் சொல்ல வேண்டும். சண்டை என்று வந்தாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். உங்கள் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். வாடகையை வங்கி வழியாகவே அனுப்புங்கள். கையில் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். ஒப்பந்தக் காலம் முடிந்து, புதுப்பிக்காமல், காலியும் செய்யாமல் உட்கார்ந்தால் முதல் இரண்டு மாதம் வாடகை இரண்டு மடங்கு, அதற்குப் பிறகு நான்கு மடங்கு கட்ட வேண்டிவரலாம். காவல் நிலையத்துக்குக் கொடுக்க என்று ஓனர் விவரப் படிவம் கேட்டால் நிரப்பிக் கொடுங்கள், அதில் தயங்க ஒன்றுமில்லை.

சாவி வாங்கும் நாளில், சாமான்களை உள்ளே கொண்டுபோகும் முன், காலி அறையைக் கைபேசியில் படம் பிடியுங்கள். நான்கு சுவர், கூரை, ஜன்னல் கண்ணாடி ஒவ்வொன்றும், கழிவறைப் பீங்கான், குழாய், மீட்டரில் ஓடும் எண். விரிசல் எங்கே இருந்தாலும் கிட்டப் போய் எடுங்கள். அன்றே எல்லாவற்றையும் ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இன்று அறை இந்த நிலையில் வாங்கினேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். காலி செய்யும் நாளிலும் இதையே செய்யுங்கள். அட்வான்ஸில் எவ்வளவு திரும்பி வந்தது, மீதி என்றைக்கு வரும் என்பதை ஒரு தாளில் எழுதி, ஓனரின் கையெழுத்து விழுந்த பிறகு சாவியைக் கொடுங்கள்.